கல்லோடு வந்தவர்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் சுகமாக இருக்கிறோம். தீவின் உப்புக்காற்று இருமலைக் கொண்டுவந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். இப்போது விட்டதா, அல்லது நான் கவலைப்படுவேன் என்று விட்டதாகச் சொல்லப் போகிறாயா?

நீ அனுப்பிய கல் வந்து சேர்ந்தது. ஈரச் சாக்கில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, மேலே 'தலைகீழாக வைக்காதீர்கள்' என்று வேறு எழுதியிருந்தாய். கல்லுக்கு எதும்மா தலை என்று பார்சல்காரர் என்னிடமே கேட்டார்.

அத்தான் வேலை முடிந்து வந்ததும் பெட்டியைப் பார்த்து, "யாரு? சோப்புக்காரனா?" என்றார். உதவி செய்கிறேன் பேர்வழி என்று நீ அவருடைய கடல்மீன் தொட்டியின் வடிகட்டியைச் சோப்பு போட்டுத் தேய்த்ததும், மறுநாள் மீன்கள் எல்லாம் மல்லாந்து மிதந்ததும் நடந்து மூன்று வருஷமாகிறது. இந்த வீட்டில் உனக்கு இன்னும் அதுதான் பெயர். அவர் உன்னோடு பேசுவதில்லை. நீ இந்தப் பக்கம் தலைகாட்டுவதில்லை. நடுவில் நான் ஒருத்தி இரண்டு பேருக்கும் அறிவிப்பாளர். ரயில் நிலையத்தில் நான் செய்யும் அறிவிப்புக்குச் சம்பளமாவது தருகிறார்கள்.

ஆனால் சாக்கைப் பிரித்ததும் மனிதர் அசந்துவிட்டார். உயிருள்ள கல்லாமே இது! கடலுக்கடியில் கிடந்து, பாசியும் கடற்பஞ்சும் என்னென்னவோ ஒட்டி வளர்ந்த கல். கடையில் வாங்கினால் சொத்தையே எழுதித் தரச் சொல்வார்களாம். "பரவாயில்லை, பயலுக்கு இது தெரிஞ்சிருக்கு" என்றார். மூன்று வருஷத்தில் உன்னைப் பற்றி அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை. குறித்து வைத்துக்கொள்.

தொட்டியில் இறக்கிய மறுநாளே கல்லிலிருந்து ஆட்கள் இறங்க ஆரம்பித்துவிட்டார்கள். நகம் அளவு நண்டு ஒன்று. நத்தை இரண்டு. கண்ணாடி போல ஒரு பூ. எல்லாம் டிக்கெட் எடுக்காத பயணிகள்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 23

அன்பு அக்காவுக்கு,

உன் கடிதம் பார்த்து மனசு நிறைந்தது. இருமல் நிஜமாகவே போய்விட்டது. ஜெனரேட்டர்தான் இருமுகிறது, அதைப் பார்க்கத்தானே என்னைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். உங்கள் இருவர் உடம்பும் எப்படி?

அந்தக் கல் கதையைக் கேள். வானிலை நிலையத்தின் படகுத்துறையைச் செப்பனிடும்போது, தண்ணீருக்கடியில் இருந்த பழைய தூணை உடைத்து மேலே போட்டார்கள். அதில் ஒரு துண்டு ஒரே காடாக இருந்தது. அத்தானின் ஞாபகம் வந்தது. மேலதிகாரியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். சோப்புக்குப் பரிகாரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்.

ஆனால் கண்ணாடிப் பூ என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன? நான் அனுப்பியது ஏதாவது மறுபடியும் அவர் மீன்களைக் கொன்றால் நான் இந்தத் தீவிலேயே குடியிருந்துவிட வேண்டியதுதான். ஒன்று விடாமல் எழுது.

உன் தம்பி

மார்ச் 11

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்தான். நீ எப்படி இருக்கிறாய்? கடிதம் தாமதம். தாமதத்துக்கு வருந்துகிறேன் என்று தினமும் ஊருக்கெல்லாம் சொல்கிறவள், உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

கண்ணாடிப் பூ, பூ இல்லையாம். கடல் சாமந்தி என்கிற பிராணியில் களை போன்ற ஒரு ஜாதி. பக்கத்தில் இருக்கும் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்குமாம். அத்தான் பல் மருத்துவமனையின் பின்னறையில் பல்செட் செய்கிறவர் அல்லவா, அங்கே ஓய்வு பெற்ற சிரிஞ்சும் கொக்கியும் இடுக்கியும் இப்போது தொட்டி வேலைக்குச் சேர்ந்துவிட்டன. சிரிஞ்சில் எலுமிச்சைச் சாறு ஏற்றி ஒவ்வொரு பூவுக்கும் ஊசி போடுகிறார். ஒன்று சுருங்கினால் பக்கத்தில் பத்து முளைக்கிறது. அப்புறம் ரோமம் ரோமமாக ஒரு புழு வந்தது. கையால் பிடித்தார். விரல் முழுக்க முள். அச்செடுக்கும் மெழுகை ஒட்டிப் பிடுங்கி எடுத்தார். எந்நேரமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்கிறார். நான் புதுப் புடவை கட்டிப் போய் நின்றாலும் தெரியாது, செதில் முளைத்தால்தான் திரும்பிப் பார்ப்பார்.

தண்ணீர் மாற்ற அகலமான வாளி வேண்டுமென்றார். பரணில் ஏறினேன். நீ வாங்கி வந்த மரத்தொட்டில் தூசியாகக் கிடந்தது. துடைத்து வைத்துவிட்டு இறங்கினேன். சும்மாதான்.

தொண்டை சரியில்லை என்று வேலைக்குக் கொஞ்ச நாள் விடுப்பு சொல்லியிருக்கிறேன். பெரிதாக ஒன்றும் இல்லை. தொட்டியின் கடல் வாடைதான் காலையில் குடலைப் புரட்டுகிறது. முன்பெல்லாம் பிடிக்கும்.

உன் உடம்பைக் கவனி.

அக்கா

மார்ச் 27

அன்பு அக்காவுக்கு,

நான் சௌக்கியம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன்.

அந்தத் தொட்டிலைப் பரணிலிருந்து இரண்டு தடவை இறக்கியதும் இரண்டு தடவை ஏற்றியதும் நான்தான். அதில் தூசி இருந்தால் இருந்துவிட்டுப் போகிறது. தொண்டை சரியில்லாதவர்கள் பரணில் ஏறக் கூடாது. தொண்டை சரியில்லாதவர்கள் வாளி தூக்கக் கூடாது. இதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை, நீ பதில் எழுதவும் வேண்டாம்.

அந்தக் கல்லில் இன்னும் என்னென்ன வருகிறது என்று மட்டும் எழுது. இங்கே பவளப்பாறை ஆராய்ச்சிக்காக ஒரு அம்மா வந்திருக்கிறார். அவரிடம் கேட்டுச் சொல்கிறேன். காற்று இப்போதே பலமாக இருக்கிறது, படகு சொன்ன நாளில் வருவதில்லை.

உன் தம்பி

ஏப்ரல் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் நலனுக்கு வேண்டிக்கொள்கிறேன். உன் கடிதம் கிடைத்தது. வாளி தூக்குவதில்லை. போதுமா?

இப்போது புதிதாக ஒன்று. சட்டைப் பொத்தான் அளவில், பழுப்பு நிறத்தில், ஓரத்தில் குஞ்சம் வைத்தது போல ஒன்று கல்லில் முளைத்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று அவர்தான் ஆரம்பத்தில் கொண்டாடினார். இப்போது கல் முழுக்கப் பொத்தான். அவருடைய செல்லப் பச்சைப் பவளத்தின் அடிவரை ஏறிவிட்டது. போன வாரம் கொக்கியால் சுரண்டிப் பார்த்தார். அன்று பூராவும் நாக்கில் இரும்பைச் சப்பினது போலக் கசப்பு என்றார். உதடு மரத்துவிட்டது. பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்ப்பவருக்கு உதடு மரப்பது புதிதா என்று கேலி செய்தேன். அவர் கை துடைத்த துண்டைத் துவைத்தபோது என் விரல் நுனியும் மரத்தது. அதற்குப் பிறகு கேலி வரவில்லை.

நேற்று ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கல்லை வெளியே எடுத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கப் போகிறாராம். அவருடைய வேலையில் எதற்கும் அதுதானே மருந்து? கருவிகளையும் கொதிக்க வைக்கிறார்கள், பல்செட்டையும் அச்சில் வைத்துக் கொதிநீரில்தான் வேக வைக்கிறார்கள். "கொதிச்ச தண்ணிக்கு அடங்காதது உலகத்துல ஒண்ணும் கிடையாது" என்கிறார். எனக்கு ஏனோ பிடிக்கவில்லை. சமையலறையில் அதை வேக விட மனம் வரவில்லை. அந்த அம்மாவிடம் கேட்டு உடனே எழுது. அதுவரை ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடுகிறேன்.

அக்கா

ஏப்ரல் 21

தம்பி,

நலமா? உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. விடுப்பை நீட்டிக்கப் போனபோது, அங்கே புயல் என்று ரயில் நிலையத்தில் பேசிக்கொண்டார்கள். நீ பத்திரமாக இருக்கிறாய் அல்லவா?

பெரிய பாத்திரத்தைப் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்துவிட்டதாகப் பொய் சொன்னேன். அவர் நேராகப் போய்க் கேட்டுவிட்டார். அவர்கள் முழித்தார்கள். மானம் போயிற்று. பாத்திரம் கட்டிலுக்கடியில் இருந்ததையும் கண்டுபிடித்துவிட்டார். பச்சைப் பவளம் பாதி வெளுத்துவிட்டதாம், இனிமேல் பொறுக்க முடியாது, வருகிற விடுமுறையில் கொதிக்க வைத்தே தீருவேன் என்கிறார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. எழுது.

அக்கா

ஏப்ரல் 30
(உறையின் மேல்: அவசரம். யார் கையில் கிடைத்தாலும் உடனே பிரித்துப் படிக்கவும்.)

அக்கா, அத்தான்,

நலம் விசாரிக்கப் பொறுமை இல்லை. அந்தக் கல்லைக் கொதிக்க வைக்காதீர்கள். அடுப்பில் ஏற்றியிருந்தால் அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுங்கள். கதவு ஜன்னல் எல்லாம் திறந்து கிடக்கட்டும்.

புயலில் படகு வரவில்லை. இன்றுதான் உன் இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தன. நாக்கில் இரும்பு என்று நீ எழுதியதைச் சாப்பாட்டு அறையில் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினேன். அந்த அம்மா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அந்தப் பொத்தான்களில் சில வகைக்குள் கொடிய விஷம் இருக்கிறதாம். தண்ணீரில் கிடக்கும்வரை அது பாட்டுக்குக் கிடக்கும். சுரண்டினால் காயத்தின் வழியே ஏறும். கொதிக்க வைத்தால் ஆவியோடு கிளம்பி மூச்சில் போகும். இதைப் போலக் கல்லை வேகவைத்து வீடே ஆஸ்பத்திரிக்குப் போன கதைகள் அவருக்குத் தெரியும். அந்த ஆவி ஏற்கெனவே யார் மூச்சிலாவது போயிருந்தால், கொஞ்ச நேரத்தில் இருமலும் குளிர்காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வரும். மருத்துவரிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

ரேடியோக் கம்பம் முறிந்து கிடக்கிறது, இல்லாவிட்டால் கடிதத்தை நம்பியிருப்பேனா? படகுக்காரரைக் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன்.

அத்தான், உங்கள் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் நீங்கள் இரண்டு பேர் இல்லை, மூன்று பேர். அக்கா இந்த நிலையில் அந்த ஆவி பக்கமே போகக் கூடாது.

உங்கள் சோப்புக்காரன்

மே 14

அக்கா,

உடம்பு எப்படி இருக்கிறது? அத்தானுக்கு எப்படி?

படகு வந்தது. டீசல் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, சமையல்காரருக்கு அவர் மனைவியிடமிருந்து கனமாக ஒரு உறை வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. தபால் பையை வாங்கித் தலைகீழாக உதறியே பார்த்துவிட்டேன்.

நான் அனுப்பிய கல். வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. மனம் திறந்து திட்டியாவது எழுது. வெறும் உறையில் உன் கையெழுத்தில் முகவரி இருந்தாலும் போதும்.

தம்பி

மே 11
(தீவுக்கு வந்து சேர்ந்தது மே 29)

மைத்துனனுக்கு,

என் கையெழுத்து உனக்குப் பழக்கம் இல்லை, உன் அத்தான்தான் எழுதுகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். எழுதத் தெம்பு வர இத்தனை நாள் ஆகிவிட்டது. உன் அக்காவை எழுத வேண்டாம் என்று நான்தான் தடுத்தேன். நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டேன். "அவன் கடிதம் வரட்டுமே" என்று அவள் காலையிலிருந்து கெஞ்சினாள். "சோப்புக்காரன்கிட்ட கேட்டுத்தான் நான் தொட்டி வளர்க்கணுமா?" என்றேன். வாடை தாங்கவில்லை என்று மொட்டைமாடிக்குப் போய்விட்டாள். எனக்குக் கோபம். வேண்டுமென்றே மூடியைத் திறந்து வைத்துக் கிளறிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் இருமல் பிடித்தது. பிறகு நடுக்கம். நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி மூச்சு முட்டியது. சத்தம் கேட்டு இறங்கி வந்தவள், புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே வந்து அடுப்பை அணைத்தாள். ஜன்னலைத் திறந்தாள். என்னை அக்குளில் கை கொடுத்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனாள். வாளியே தூக்கக் கூடாதவள் என்று எனக்கு அப்போது தெரியாது.

ஆமாம், எனக்குத் தெரியாது. தெரியும் என்று நினைத்து நீ எழுதிவிட்டாய்.

என்ன விஷம் என்று புரியாமல் மருத்துவர்கள் கபத்துக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள். மருத்துவரிடம் நீட்டியபோது கடைசிப் பத்தியைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள். நான் பக்கத்தில் படுத்திருந்தேன் அல்லவா, அதற்காக. மருத்துவர் படித்துவிட்டு, "இந்த ஆவி அடிச்சப்போ வீட்ல வேற யாரு இருந்தாங்க?" என்றார். "நான்தான்" என்றாள். அவளுக்கும் காய்ச்சல் இருந்ததை அப்போதுதான் பார்த்தார்கள். ஊசி போடுவதற்கு முன் அவர் ஒரு கேள்வி கேட்டார். எல்லாப் பெண்களிடமும் கேட்கும் கேள்விதான். அவள் என்னைப் பார்த்தாள். கட்டைவிரலை எடுத்தாள்.

"எத்தனை மாசம்?" என்று கேட்டேன்.

"மூணு முடிஞ்சுது."

"ஏன் சொல்லலை?"

"போன தடவை நாலாம் மாசத்துல கலைஞ்சப்போ நீங்க அந்தத் தொட்டியை வாங்கி அது முன்னாடி உட்கார்ந்தவர்தான், ரொம்ப நாள் எங்கிட்டகூடப் பேசலை. அந்த நாலாம் மாசம் தாண்டட்டும்னு இருந்தேன்."

ஊரில் உள்ளவர்கள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கும் இடத்தில் வேலை செய்கிறேன். என் வீட்டில் ஒருத்தி வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை.

அவளுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. குழந்தையைப் பற்றி மருத்துவர்கள் நல்லதும் சொல்லவில்லை, கெட்டதும் சொல்லவில்லை. இந்த விஷம் வயிற்றில் இருப்பதை என்ன செய்யும் என்று அடித்துச் சொல்ல முடியாதாம். நாலாம் மாதம் நடக்கிறது. நான் நாள்காட்டியைப் பார்ப்பதில்லை.

நீ உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய் என்று உன் அக்கா சொல்கிறாள். கல் உன்னுடையது, நெருப்பு என்னுடையது. கடிதமும் உன்னுடையது. அது வராவிட்டால் இவர்கள் அவளைக் கவனித்தே இருக்க மாட்டார்கள்.

அத்தான்

மே 29

அன்புள்ள அத்தானுக்கு வணக்கம்.

உங்கள் மூச்சு எப்படி இருக்கிறது? அக்கா எப்படி?

உங்கள் கடிதம் இன்றைய படகில் வந்தது. படகுத்துறையிலேயே உட்கார்ந்து படித்தேன். அக்கா உங்களிடம் சொல்லியிருப்பாள் என்றுதான் எழுதினேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள். நாலாம் மாதம் என்ற சொல்லுக்குமேல் எனக்கு எழுத ஓடவில்லை. கம்பத்தை நட்டுவிட்டார்கள், ஆனால் ரேடியோவில் கேட்கப் பயமாக இருக்கிறது. கடிதமாகவே வரட்டும்.

அந்தக் கல்லை என்ன செய்தீர்கள்? அந்த அம்மா கேட்கிறார். கையுறை இல்லாமல் தொடாதீர்கள், உலரவும் விடாதீர்கள்.

தம்பி

ஜூன் 22

அன்புள்ள தம்பிக்கு,

எப்படி இருக்கிறாய்? ரேடியோவில் கேட்கப் பயம் என்று எழுதியிருந்தாயாம். நீ கேட்டிருந்தாலும் எனக்குப் பதில் சொல்ல வந்திருக்காது. மைக் முன்னால் வேலை பார்க்கிறவள் நான், இத்தனை நாளும் குரலே எழும்பவில்லை.

கல்லைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கையுறையும் முகமூடியும் போட்டு, மூடியுள்ள வாளியில் பிளீச்சிங் தண்ணீரில் முக்கி, வெளியே வைத்துப் பிறகு தூக்கிப் போட்டாயிற்று. பாத்திரமும் அதோடு போயிற்று. தொட்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றார். கொடுப்பதற்கு முன் விளக்கைப் போட்டுப் பார்த்தபோது, மணலுக்குள்ளிருந்து நூல் நூலாகக் கைகளை நீட்டிக்கொண்டு ஒரு குட்டி நட்சத்திர மீன் வந்தது. அதுவும் உன் கல்லோடு வந்ததுதான். இத்தனை கலவரத்திலும் சத்தமே போடாமல் அடியில் இருந்திருக்கிறது. அது கெடுதல் செய்யாத ஜாதியாம். அவர் கண்ணாடிப் பக்கம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "இவன் இருக்கட்டுமா?" என்று கேட்டார். இதுவரை தொட்டி விஷயத்தில் என்னை எதுவும் கேட்டதில்லை. இருக்கட்டும் என்றேன்.

நாலாம் மாதம் போய்விட்டது. அந்த மாதம் முழுக்க நாங்கள் இரண்டு பேரும் அடிமேல் அடி வைத்துத்தான் நடந்தோம். நான் தும்மினால் அவர் எழுந்து நின்றுவிடுவார். நேற்று மருத்துவரிடம் போனோம். கருவியை வயிற்றில் வைத்துத் தேடினார். தேடிக்கொண்டே இருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. அத்தான் என் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்துவிட்டது. பிறகு மருத்துவர் கருவியை ஓரமாக நகர்த்தினார். நம் தொட்டியின் பம்ப் ஓடுகிற மாதிரி, டுப்டுப்டுப் என்று கேட்டது. "நல்லா இருக்கு" என்றார். பிறக்கும்வரை அடிக்கடி வந்து காட்ட வேண்டும், எதையும் முழுதாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்குப் பயம் விட்டுப் போகவில்லை. ஆனால் சத்தத்தைக் கேட்டுவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரே பரணில் ஏறித் தொட்டிலை இறக்கினார். இறக்கிவிட்டு, "இதைக் கொதிக்கிற தண்ணியில ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். நான் பார்த்த பார்வையில் பாதியிலேயே நிறுத்திக்கொண்டார்.

உன்னை வரச் சொல்கிறார். அவர் வாயாலேயே சொன்னார். மச்சானுக்கு விடுப்பு கிடைக்குமா என்று கேட்டு எழுது என்றார். கவனித்தாயா, மச்சான்! இனிமேல் கல்லோ சிப்பியோ எதுவும் அனுப்பாதே. வெறும் கையோடு நீ வா. சோப்பு நாங்கள் வாங்கித் தருகிறோம், குளிக்க மட்டும்.

இன்னொன்று. நாம் பேசாமல் விட்ட விஷயத்தை என்னைத் தவிர எல்லோரும் எழுதிவிட்டீர்கள். நீ எழுதினாய், அவர் எழுதினார், மருத்துவர் சீட்டில் எழுதினார். சொன்னால் போய்விடும் என்று நான் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இப்போது நானே எழுதுகிறேன். எனக்குக் குழந்தை பிறக்கப் போகிறது.

எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. அவர் அடுத்த அறையில் தொட்டிலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். சீக்கிரம் வா.

அன்புடன்,
அக்கா